ஊசி படுத்துவிட்டால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

(ஜாசினில் பெற்றோர், இளைஞர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் கையில் இருக்கும் இந்தப் பொருள் பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கட்டைவிரலின் முதல் கணு அளவுதான். பித்தளை உடம்பு. ஒரு பக்கம் மரை, மறுபக்கம் ஒரே ஒரு வயர் மாட்டும் முனை. காடியின் மீட்டரில் சூடு காட்டும் ஊசி இருக்கிறதல்லவா, அதற்குச் செய்தி சொல்லி அனுப்புவது இதுதான். பட்டறையில் டெம்பரேச்சர் சென்சர் என்பார்கள். இதன் விலையைவிடப் பல மடங்கு செலவை இது எங்கள் குடும்பத்துக்கு வைத்தது. அதனால்தான் இதைப் பற்றிப் பேசச் சம்மதித்தேன்.

என் அப்பா இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது லயத்தைக் காலி செய்துகொண்டு வெளியே வந்தோம். ஐம்பத்தைந்து வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் அவர் வாங்கிய முதல் காடி, இரண்டு கை மாறிய ஒரு புரோட்டோன் சாகா. அதை அவர் துடைக்காத நாள் கிடையாது. ஒருநாள் மெர்லிமாவ் சாலையில் ஊசி விறுவிறுவென்று ஏறியது. பிறகு தானாகவே இறங்கி 'சி' என்ற எழுத்தின்மேல் படுத்துக்கொண்டது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். "அண்ணே, சென்சர் போச்சு. மாத்திட்டா சரியாயிடும்" என்றார் போமன். மாற்றினார். அப்போதும் ஊசி எழுந்திருக்கவில்லை. "குளுமையாத்தானே இருக்கு, பயப்படாம ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் மாசி மகம். செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். அன்றைக்கு அந்தச் சாலை எப்படியிருக்கும் என்று மலாக்காக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காடி ஊர்ந்தது, நின்றது, மறுபடியும் ஊர்ந்தது. ஊசி 'சி'யிலேயே கிடந்தது. திடீரென்று பானட் இடுக்கிலிருந்து வெள்ளை ஆவி. எஞ்சின் தடதடத்து நின்றுவிட்டது. சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் கருகியிருந்தது. ரேடியேட்டரில் தண்ணீரே இல்லை. கீழ் ஓஸைப் பிடித்திருந்த வளையம் தளர்ந்து நாள்கணக்கில் சொட்டிக்கொண்டே வந்திருக்கிறது. சென்சரைச் சுற்றித் தண்ணீர் இல்லை. அது வெறும் காற்றில் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காற்றின் சூட்டைத்தான் ஊசிக்குச் சொன்னது. பழைய சென்சரும் பொய் சொல்லவில்லை, புதியதும் பொய் சொல்லவில்லை.

ஊசி காட்டுவது எஞ்சினின் சூட்டை அல்ல. சென்சரின் நுனியை எது தொட்டுக்கொண்டிருக்கிறதோ, அதன் சூட்டை. இந்த ஒன்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அன்று பாதி வழியிலேயே காடியை ஓரங்கட்டியிருப்பார். அவர் அறிவில்லாதவர் அல்லர். வெட்டுவாயைப் பார்த்தே மரம் எத்தனை நாளைக்குப் பால் தரும் என்று சொல்லக்கூடியவர். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மோட்டார் காடி வந்த புதிதில் மீட்டரில் இப்படி ஊசி கிடையாது. 1910களில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்றொரு வெப்பமானியை ரேடியேட்டர் மூடியின்மேலேயே செருகி வைத்தார்கள். ஓட்டுகிறவர் கண்ணாடி வழியாகக் காடியின் மூக்கில் சிவப்புத் திரவம் ஏறுவதைப் பார்த்துக்கொள்வார். வயர் வழியாக மீட்டருக்குச் செய்தி வரக் காரணமான அறிவு அதற்கும் முந்தியது. 1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடு என்ற பொருளைச் சோதித்தபோது ஒன்றைக் கவனித்தார். உலோகங்கள் சூடேறினால் மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும். இந்தப் பொருளோ சூடேற ஏற மின்சாரத்துக்கு வழிவிட்டது. நம் சென்சருக்குள் அரிசி அளவில் இருக்கும் தெர்மிஸ்டர் என்ற துண்டும் அந்த இனம்தான். குளிர்ந்திருந்தால் தடை அதிகம், ஊசி 'சி'யில். சூடேறினால் தடை குறையும், ஊசி 'எச்' பக்கம் நகரும்.

மேசையைப் பாருங்கள். பால் டின்னில் தண்ணீர், சின்ன அடுப்பு, சமையல் வெப்பமானி, தடையை அளக்க ஓம் மீட்டர். டின்னில் நுனி மட்டும் நனையும்படி தொங்கும் சென்சர் ஒரு பழைய புரோட்டோன் வீராவிலிருந்து கழற்றியது. ஓம் மீட்டரின் ஒரு முனை சென்சரின் தலையில், இன்னொன்று பித்தளை உடம்பில். பச்சைத் தண்ணீரில் 400 ஓமுக்கு மேல் காட்டியது. இப்போது வெப்பமானி 70 டிகிரியைத் தொடுகிறது. தம்பி, என்ன காட்டுகிறது? ஆம், 100க்குச் சற்று மேலே. பழைய சாகா, ஈஸ்வரா, வீரா காடிகளில் இருப்பது மிட்சுபிஷி குடும்பத்து எஞ்சின். அந்தக் குடும்பத்தின் பட்டறைக் கையேடு 70 டிகிரிக்குச் சொல்லும் கணக்கும் ஏறத்தாழ அதுதான். ஆகவே இந்தச் சென்சர் நல்லது. யாரோ ஒருவர் இதைக் கெட்டுப்போனது என்று சொல்லிக் கழற்றி எறிந்திருக்கிறார். குப்பையிலிருந்துதான் எடுத்துவந்தேன்.

அதனால் சென்சர் வாங்க ஓடாதீர்கள். முதலில் தண்ணீர். காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக்கூடாது. மூடி கெட்டிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் வற்றியிருக்கும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே தொடாதீர்கள். வீட்டில் குக்கர் விசில் அடங்காமல் மூடியைத் திறப்போமா? அந்த மூடிக்குள்ளும் அழுத்தம்தான். அழுத்தத்தினால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த மறுநொடி அது கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். அப்படி வெந்துபோன கைகளை நான் பட்டறையில் பார்த்திருக்கிறேன். துணி போட்டுத் திறந்தேன் என்பார்கள். துணி போதாது. நேரம்தான் வேண்டும்.

தண்ணீர் நிறைந்திருக்கிறது, ஒழுகலும் இல்லை என்றால் அடுத்தது, ஊசி எப்போது, எப்படி ஏறுகிறது என்பது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், கவனம் போதும். மலாக்கா நகரத்து நெரிசலில் ஏறி, ஆயர் குரோவில் நெடுஞ்சாலை பிடித்ததும் இறங்குகிறதா? அப்படியானால் ஓடும்போது காற்று காப்பாற்றுகிறது, நிற்கும்போது காப்பாற்ற ஆளில்லை. காற்றாடியையும் அதன் ரிலேயையும் பாருங்கள். ஏர்கோனைப் போட்டால் காற்றாடி சுற்ற வேண்டும். நகரத்தில் ஒழுங்காக இருந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் பம்பு தேய்ந்திருக்கலாம். இந்த இரண்டிலும் ஊசி உண்மையைச் சொல்கிறது. சென்சரை மாற்றுவது, கெட்ட செய்தி கொண்டுவந்தவனை அடிப்பது போல.

மூன்றாவது ஒன்று உண்டு. அதைப் பற்றி நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும். நெடுஞ்சாலையில் ஊசி நடுவுக்கு வராமல் கீழேயே நிற்கும். நெரிசலில் மட்டும் மெல்ல ஏறும். இது பெரும்பாலும் தெர்மோஸ்டட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்துவிடும் சிறு கதவு அது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று சொல்லி அதைக் கழற்றி வீசுகிற பழக்கம் நம் நாட்டுப் பட்டறைகளில் பல காலமாக இருக்கிறது. எத்தனையோ நல்ல போமன்களும் இதை நம்புகிறார்கள். வெளியே 33 டிகிரி வெயில் நமக்குத்தான் சூடு. 90 டிகிரியில் வேலை செய்யப் பிறந்த எஞ்சினுக்கு அது பனிக்காலம். தெர்மோஸ்டட் இல்லாமல் நெடுஞ்சாலையில் ஓடினால் எஞ்சின் தன் சூட்டுக்கு வரவே வராது. எஞ்சின் கம்ப்யூட்டர் அதை இன்னும் குளிர்ந்த எஞ்சின் என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். எண்ணெய் பிசுபிசுத்து, சிலிண்டர் தேயும். மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிப் பெட்ரோல் போடுகிற குடும்பம் அந்தக் கூடுதல் செலவை வருஷக்கணக்கில் கட்டுகிறது. ஊசி ஏறவில்லை என்று மறுபடி ஒரு சென்சருக்கும் காசு கொடுக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. தெர்மோஸ்டட்டையும் இதே டின்னில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சோதிக்கலாம். எத்தனை டிகிரியில் திறக்கும் என்று அதன் தகட்டிலேயே எண் அடித்திருக்கும். அந்தச் சூட்டில் வாயைத் திறக்கத் தொடங்கினால் நல்லது.

தண்ணீர் சரி, காற்றாடி சரி, தெர்மோஸ்டட் சரி. ஊசி மட்டும் அசையவில்லை. இப்போதுதான் மின்சாரப் பக்கம் வருகிறோம். முதலில் பெட்ரோல் ஊசியைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து படுத்திருந்தால் சென்சரை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவான ஃபியூஸ், மீட்டருக்குப் பின்னால் வரும் மின்சாரம், எர்த், இவற்றில் ஒன்றுதான் காரணம். சூட்டு ஊசி மட்டும்தான் என்றால் சென்சரின் தலையிலிருக்கும் வயரைக் கழற்றுங்கள். வயரை இழுக்காதீர்கள், சாக்கெட்டின் நாக்கை அழுத்திக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் வெந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். 3.4 வாட் பல்பு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் தொடுங்கள். சாவியைத் திருப்புங்கள். பல்பு எரிந்து ஊசியும் மெல்ல எழுந்தால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, குற்றம் சென்சரில். பல்பும் எரியவில்லை, ஊசியும் அசையவில்லை என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. சிலர் பல்பு இல்லாமல் வயரை நேராக எஞ்சினில் தொடுவார்கள். அதிக நேரம் அப்படிப் பிடித்தால் மீட்டரே கருகிவிடும். பல்பின் விலையைப் பார்த்து மீட்டரை இழக்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. விடியற்காலையில், எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே, சாவியைத் திருப்பியதும் ஊசி நேரே 'எச்'சுக்குப் போகும். வயரைக் கழற்றுங்கள். ஊசி இறங்கினால் சென்சர் உள்ளே ஷார்ட். இறங்காவிட்டால் வயரின் தோல் உரிந்து எஞ்சினில் படுகிறது.

வயர் என்றதும் எலியைச் சொல்லாமல் போக முடியாது. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும். பழக்குலையைத் தின்னும் எலிகளை ஒழிக்கத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் பெட்டி வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். அந்த எலிகளில் சில, இரவில் நம் காடியின் சூட்டுக்கு ஆசைப்பட்டுப் பானட்டுக்குள் குடிவந்து வயரைக் கடிக்கின்றன. சென்சர் வயர் மெல்லியது, கடிக்க வசதி. ஊசி திடீரென்று ஒரு காலையில் செத்துப்போயிருந்தால், முதலில் டார்ச் அடித்து எலிப்புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, சென்சர்தான் என்று உறுதியாகிவிட்டது. கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். "சாகாவுக்கு ஒரு சென்சர்" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துத் தருவார்? எஞ்சினில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்கள் பலர். ஒரு வயர் கொண்டது மீட்டர் ஊசிக்கு. இரண்டு வயர் கொண்டது கம்ப்யூட்டருக்கு; அதன் தடை 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். ரேடியேட்டரின் அடியில் இருப்பது காற்றாடியை ஓட்டும் சுவிட்ச். மூன்றையும் ஒன்றாக நினைத்து மாற்றிவிட்டு "புதுசு போட்டும் சரியாகல" என்று வருகிறவர்கள் ஏராளம்.

மாற்றும்போது எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அடியில் ஒரு பேசின். புதிய சென்சரை இடது கையில் வைத்துக்கொண்டே பழையதைத் திருகிக் கழற்றினால், கொஞ்சம் தண்ணீர்தான் சிந்தும். அதற்குள் புதியதைச் செருகிவிடலாம். ஒரு வயர் சென்சரில் மின்சாரம் திரும்பும் வழி அதன் உடம்புதான். மரை வழியாகத்தான் அது எஞ்சினைத் தொட்டு எர்த் பெறுகிறது. குழாய் வேலைக்குச் சுற்றுவது போல வெள்ளை டேப்பைத் தடிமனாகச் சுற்றிவிட்டால் அந்தத் தொடர்பு கெட்டு, புதிய சென்சரும் ஊமையாகிவிடும். மரையில் மட்டும் ஒட்டும் களிம்பு கொஞ்சம் போதும், நுனியில் படக்கூடாது. செம்பு வளையத்தோடு வந்தால் அந்த வளையமே போதும். முடுக்குவதில் பலத்தைக் காட்டாதீர்கள். அது உட்காரும் இடம் அலுமினியம். மரை பிய்ந்தால் இருபது வெள்ளி வேலை இருநூறு வெள்ளி வேலையாகிவிடும்.

பிறகு கூலன்ட்டை ஊற்றி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிடுங்கள். உள்ளே அகப்பட்ட காற்று குமிழியாக வெளியேறும், மட்டம் இறங்கும், மறுபடி ஊற்றுங்கள். மேல் ஓஸ் சூடாகி, காற்றாடி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். இந்தக் காற்றை வெளியேற்றாமல் விட்டால் அது சென்சரின் நுனியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பாவின் கதைதான் மறுபடியும். மறுநாள் காலையில் இன்னொரு முறை மட்டம் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பேசினில் பிடித்த பச்சை நிறத் தண்ணீரை வாசலில் வைக்காதீர்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தை விரலை வைக்கும். சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைக் குடிக்கும். மூடியிட்ட டப்பாவில் ஊற்றிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று: ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் வேண்டாம். அதிலுள்ள இரும்பும் உப்பும் சென்சரின் நுனியில் படிந்து சட்டை போட்டுவிடும். சட்டை போட்ட சென்சர் சூட்டைத் தாமதமாகத்தான் உணரும்.

இப்போதைய காடிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். பலவற்றில் ஊசியே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் "இன்னும் ரெண்டு மைல்தானே" என்று நினைக்காதீர்கள். அதற்குமுன் உங்களை எச்சரிக்க ஊசி என்று ஒன்று இல்லை. ஊசி இருக்கும் புதிய காடிகளிலும் அது கம்ப்யூட்டர் சொன்னபடி நடக்கும். ஓட்டுகிறவர் பதற்றப்படக் கூடாதென்று நடுவிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள். நடுவில் இருக்கிறது என்பதற்குப் பெரிய சூடு மாற்றமே இல்லை என்று பொருள் கிடையாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு சிறிய ஸ்கேனரைச் செருகினால் உண்மையான டிகிரி தெரியும். அது மைனஸ் 40 என்று காட்டினால் மலாக்காவில் பனி பெய்யவில்லை. வயர் அறுந்திருக்கிறது அல்லது சாக்கெட் கழன்றிருக்கிறது. பி0118 என்ற குறி வந்தாலும் அதே பக்கம்தான் தேட வேண்டும். காற்றாடி காலை முதல் நிற்காமல் ஓடுவதும் அதன் அடையாளமாக இருக்கலாம். கம்ப்யூட்டர் கண் தெரியாமல் போனதும் பாதுகாப்புக்காகக் காற்றாடியை ஓடவிடுகிறது. பி0128 வந்தால் தெர்மோஸ்டட்டைப் பாருங்கள்.

இளைஞர்களிடம் ஒரு சொல். 1896இல் டான் சே யான் என்பவர் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைப் போட்டார். பிறகு புக்கிட் அசாகானில் இன்னும் பெரிதாகப் போட்டார். இங்கே ரப்பர் வந்த காலம்தான் உலகத்தில் மோட்டார் காடி வந்த காலம். உலகத்துக் காடிகளின் சக்கரத்துக்கும் ஓசுக்கும் வேண்டிய பாலை எடுத்தவர்கள் நம் பாட்டனும் பாட்டியும். அவர்களில் மிகப் பலர் ஒரு காடியைச் சொந்தமாக வைத்திருந்ததில்லை. இன்று நம் வீட்டு வாசலில் காடி நிற்கிறது. அதன் பானட்டைத் திறக்க நமக்கு ஏன் தயக்கம்? மெர்லிமாவில் பாலிடெக்னிக் இருக்கிறது, தாபோ நானிங்கில் அட்டெக் தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே போய் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன், வீட்டில் ஓர் ஓம் மீட்டர் வாங்கி வையுங்கள். பிள்ளைகளின் கையில் கொடுங்கள்.

டின்னில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டது. ஓம் மீட்டர் 50க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கிறது. அடுப்பை அணைத்துவிடு தம்பி.

வெளியே மரத்தடியில் என் காடி நிற்கிறது. அதன் சூட்டு ஊசி நேற்றிலிருந்து படுத்திருக்கிறது. வேண்டுமென்றே நான் ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன். எதை என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பல்பும் ஓம் மீட்டரும் பின்பக்கப் பெட்டியில் இருக்கின்றன. ஆனால் நான் பத்து மணிக்குத்தான் வந்து நிறுத்தினேன், எஞ்சின் இன்னும் முழுதாக ஆறியிருக்காது. எல்லாரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் யாரும் மூடியில் கை வைக்க வேண்டாம்.